கழிவுக் கணக்கில் எழுதிய வண்டி

உயிரற்ற ஒரு பொருளின்மேல் மனிதன் அன்பு வைத்திருக்கிறான் என்றால் உலகம் நகைக்கும். பசுவின்மேல் வைக்கலாம், நாயின்மேல் வைக்கலாம். அவை பதிலுக்கு வாலையாவது ஆட்டும். கூரை ஒழுகுவதும், மேட்டில் பெருமூச்சு விடுவதும், மழைக்காலக் காலைகளில் எழுந்திருக்க மறுப்பதுமான ஒரு கிழட்டு மோட்டார் வண்டியின்மேல் அன்பு வைப்பதாவது! என் மனைவி இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. நானும் பத்து விதமாகப் பதில் கூறிப் பார்த்தேன். ஒன்றும் அவளுக்குத் திருப்தி அளிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கும் அளிக்கவில்லை. ஆகவே, வாயால் சொல்ல வராததை எழுத்திலாவது சொல்லிப் பார்ப்போம் என்று துணிந்தேன். வாசக அன்பர்கள் பொறுத்தருள்க.

நான் கம்போங் ராஜாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி. கொழுந்தின் எடை, ஆட்களின் பேர், உரம், மருந்து, எண்ணெய் ஆகியவற்றின் வரவு செலவை எழுதுவது என் உத்தியோகம். ஆண்டுக்கு ஒருமுறை கழிவுக் கணக்கு என்று ஒன்று எழுத வேண்டும். உடைந்த தராசு, துருவேறிய மருந்துத் தெளிப்பான், கால் ஒடிந்த நாற்காலி என இனிமேல் உதவா என்று தோட்டம் கைகழுவும் பொருள்களின் பட்டியல் அது. 2014ஆம் ஆண்டின் கழிவுக் கணக்கில் பதினோராவது வரியாக நான் எழுதியது, 1967ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் ஒன்று, பழுதுபார்க்கும் செலவுக்குத் தகாதது என்பது. அதை ஆங்கிலத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது சில செய்திகள் கையை அவ்வளவாகச் சுடுவதில்லை. அந்த வண்டியை இருபத்து நான்கு ஆண்டுகள் ஓட்டியவர் என் தகப்பனார்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கேமரன் மலையின் வடகோடியில் இருப்பது கம்போங் ராஜா. ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருகிறவர்கள் முதன்முதல் காணும் கேமரன் மலை ஊர் எங்களுடையதுதான். அந்தப் பாதை 2000க்குப் பின்னரே திறந்தது. அதற்கு முன் ஈப்போவுக்குப் போவதென்றால், பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் என்று மலை முழுவதையும் கடந்து, தானா ராத்தாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கித்தான் போக வேண்டும். சரிவுகளிலே தேயிலை, பள்ளங்களிலே பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்கள். இவற்றின் நடுவே எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு லாண்ட் ரோவர் நிற்கும். சிலவற்றுக்குக் கதவு இராது. சிலவற்றுக்குக் கூரை இராது. முட்டைக்கோசுக் கூடை மட்டும் தவறாமல் இருக்கும். பட்டாளத்தில் சேவை முடித்து ஏலத்துக்கு வந்தவை அவற்றுள் பல. புதிதாக வரும் உல்லாசப் பிரயாணிகள் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு, "இவை இன்னும் ஓடுகின்றனவா?" என்று வியப்பார்கள். ஓடாமல் எப்படி இருக்கும்? இங்கே மழை ஓய்ந்த மறுநாள் தோட்டத்துப் பாதையில் நடந்து பார்த்தவர் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்.

இந்த வண்டியின் பிறப்பும் வேடிக்கையானதே. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் கிடைத்தது. ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினீயரான மோரிஸ் வில்க்ஸ் என்பவர், ஆங்கிள்சித் தீவிலிருந்த தம் நிலத்தில் யுத்தத்தில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அது தேய்ந்து விழுந்தால் அதன் இடத்தில் எதை வைப்பது என்ற கவலையில் பிறந்ததே லாண்ட் ரோவர். எஃகுக்குப் பஞ்சமாயிருந்ததால் மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். யுத்த விமானங்களுக்கென்று செய்து மிஞ்சிப்போன பச்சைச் சாயத்தை எடுத்து அடித்தார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை உலகத்துக்குக் காட்டினார்கள். கார் வியாபாரம் பழைய நிலைக்குத் திரும்பும்வரை தொழிற்சாலையை ஓட்ட ஓர் இடைக்கால ஏற்பாடு என்பதே அவர்கள் எண்ணம். அந்த இடைக்காலம் 2016 ஜனவரி 29 வரை, அறுபத்தேழு ஆண்டுகளுக்கு மேல், பேரும் முகமும் சற்றே மாறி நீடித்தது. நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டு வந்த எத்தனையோ ஏற்பாடுகள் இதற்குள் இருந்த இடம் தெரியாமற் போயின!

அதே 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 வரை நீடித்த அக்காலத்தில் பட்டாளமும் போலீசும் இவ்வண்டியில் ஏறிக் காடுமேடெல்லாம் அலைந்தன. சீமையில் விவசாயிக்கென்று பிறந்தது, மலாயாவில் துப்பாக்கிக்காரர்களைச் சுமந்து, வயதான பின்பு எங்கள் மலையில் மறுபடியும் விவசாயியிடமே வந்து சேர்ந்தது. 2008ஆம் ஆண்டு இந்தியாவின் டாட்டா அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கிய செய்தியை நான் பத்திரிகையிலிருந்து படித்துக் காட்டியபோது, அப்பா எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்படியானால் இனி ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறையுமா?" என்று மட்டும் கேட்டார். பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமாய் இருந்தது.

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்லர். அவருடைய பேச்செல்லாம் கியர்க் கம்பியில்தான். அக்காலத்து லாண்ட் ரோவரில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் அமைப்புக் கிடையாது. கிளட்சை ஒருமுறை மிதித்து, நடுநிலைக்கு வந்து, எஞ்சின் வேகத்தைக் காலால் கணித்து, மறுமுறை மிதித்துப் போட வேண்டும். அறியாதவன் போட்டால் பல்லைக் கடிக்கும் ஓசை மலைக்கப்பால் கேட்கும். அப்பா போட்டால் ஓசையே எழாது. எங்கள் லயத்தில் குழந்தைகள்கூட, வருவது யார் என்று வண்டியைக் காணாமலே சொல்லிவிடும். பகலில் உரமும் சம்பளப் பணமும் துரையும். இரவில் காய்ச்சல்காரரும் பிள்ளைத்தாய்ச்சியும். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவில் அந்த வண்டியில் போகாத குடும்பம் எங்கள் தோட்டத்தில் அன்று இல்லை. என் தங்கை பிறப்பதற்காக அம்மா போனதும் அதில்தான். பின்தட்டில் மெத்தை விரித்து, இரண்டு பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் முன்னால் அமர்ந்திருந்தேன். பனிமூட்டத்தில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அப்பா கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, பாதையோரத்துப் புல்லைப் பார்த்தபடியே ஓட்டினார்.

இவ்வளவும் அறிந்த நான் அந்த வண்டிக்கு என்ன மரியாதை செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் இக்கட்டுரை வெறும் புகழ்மாலையாகிவிடும்.

ஈப்போவிலிருந்த என் மாமா, பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று, என்னைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கற்பிக்கும் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் பஸ்ஸில் கம்போங் ராஜாவுக்கு வந்து இறங்கினேன். மலையைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளித் தோழன் ஒருவன் அங்கே தன் தந்தையின் பளபளக்கும் காருக்கு அருகில் நின்றிருந்தான். அந்த வேளையில் பச்சை லாண்ட் ரோவர் சேறு வழிய வந்து நின்றது. அப்பா இறங்கி என் பெட்டியை எடுத்தார். "யார் அது?" என்று தோழன் ஆங்கிலத்தில் கேட்டான். "எஸ்டேட் டிரைவர்" என்றேன் நான். எனக்கு அப்போது பதினான்கு வயது. பொய் சொல்லவில்லை என்று அன்றிரவு முழுவதும் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அப்பா டிரைவர்தானே? 'எஸ்டேட்' என்பதும் 'டிரைவர்' என்பதும் ஆங்கிலம் படிக்காதவருக்கும் விளங்கும் சொற்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்பா பின்கதவைத் திறந்து பெட்டியை உரமூட்டைகளின் மேல் வைத்தார். முன்கதவையும் திறந்து, நான் ஏறும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரைக்கு அப்படித்தான் நிற்பார். வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு 2008இல் ஓய்வு பெற்றபோதும், 2012இல் கண்மூடும்வரையும், அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆகவே, 2014ஆம் ஆண்டில் கழிவுக் கணக்கின் பதினோராவது வரியை எழுதியதும் என் பேனா சற்று நின்றது. கழிவுப் பொருள்களை மூடிய கடிதத்தில் விலைகேட்டு விற்பது தோட்டத்து வழக்கம். கடிதங்களைப் பிரிப்பவன் நானாகையால், அந்த ஒரு பொருளுக்கு வரும் கடிதங்களைப் பெரிய கிராணியாரே பிரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நானும் ஒரு கடிதம் போட்டேன். 2,800 வெள்ளிக்கு வண்டி எனக்குக் கிடைத்தது. மற்றொரு கடிதம் பழைய இரும்புக் கடைக்காரருடையது. அவர் 2,500 போட்டிருந்தார். முந்நூறு வெள்ளி வித்தியாசத்தில் அது உருக்கு உலைக்குப் போகாமல் தப்பியது. தோட்டத்துப் பாதைகளுக்குள்ளேயே ஓட்டிக்கொள்வதென்று துரையிடம் அனுமதி பெற்றேன்.

முதல் ஆறு மாதம் என் உற்சாகத்துக்கு அளவில்லை. மாலையில் அலுவலகத்தை மூடியதும் வண்டியடிக்கு ஓடுவேன். பழுதுபார்க்கும் முறைகளைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வரவழைத்துப் பாடம்போல் படித்தேன். கம்போங் ராஜாவில் வயது முதிர்ந்த சீனப் பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். வண்டியின் இருமலைக் கேட்டே நோயைச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து உதவுவார். நான் புத்தகத்தைப் படித்துப் பொருள் சொல்ல, அவர் அதற்குள் அந்த உறுப்பைக் கழற்றி என் கையில் வைத்திருப்பார். "இந்தப் புத்தகம் எழுதியவருக்குக் கேமரன் மலை தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்று எல்லாரும் புகழ்வார்கள். ஆனால் அதைத் தாங்கும் அடிச்சட்டம் எஃகு. ஓயாத ஈரத்தில் அது உள்ளிருந்தே அரிக்கும். அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியமும் வெண்பொடியாய் உதிரும். மேலுக்கு ஆரோக்கியம், உள்ளே க்ஷயம். சுத்தியலால் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் தட்டிய இடமெல்லாம் பொத்துக்கொண்டது. நான்கு மாதச் சம்பளத்தின் மிச்சம் அடிச்சட்டத்துக்கு ஒட்டுப்போடுவதில் கரைந்தது.

இரண்டாம் ஆண்டில் உற்சாகம் தளர்ந்தது. மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழச் செத்தே போயிற்று. இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பழைய பொருள்களின்மேல் பற்றுக்கொண்டோர் எல்லாரும் முதல் நாளின் உவகையைப் பற்றியே பேசுகிறார்கள். எட்டாம் முறையாக அதே இடத்தில் எண்ணெய் கசியும்போது தோன்றும் கசப்பைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தைக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டிய மாதத்தில் தண்ணீர்ப் பம்பு உடைந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள், சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எட்டு மாதம் வண்டி கொட்டகையில் கிடந்தது. அதன் இருக்கையில் கோழி முட்டையிட்டது.

அச்சமயத்தில்தான் டார்ஜிலிங் மலையைப் பற்றி ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. அதுவும் தேயிலை மலை. அங்கே மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூ உச்சிக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில், 1950களைச் சேர்ந்த லாண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்று வந்தன. தோட்டத் துரைமார்கள் விட்டுச் சென்ற வண்டிகள். பலவற்றில் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு இந்தியாவில் செய்த மகீந்திரா டீசல் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். இதயத்தையே மாற்றிய பின்னும் அது பாட்டனார் ஓட்டிய வண்டி என்றே அவற்றின் சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். என் வண்டியிலும் அடிச்சட்டத்தில் பாதி புதிது; ரேடியேட்டர் புதிது; பட்டை ஸ்பிரிங்குகள் வேறொரு வண்டியிலிருந்து வந்தவை. அப்பா தொட்டது என்று இனி எது மிச்சம்? கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்டீரிங் சக்கரத்தில் கடிகாரத்தின் பத்து மணி இருக்கும் இடத்தில் கருப்புப் பூச்சுத் தேய்ந்து ஒரு பள்ளம் இருந்தது. அப்பாவின் இடது கட்டைவிரல் அழுந்தும் இடம். என் விரலை அதில் வைத்தேன், சரியாகப் பொருந்தவில்லை. என் விரல் சிறியது. கோழியை விரட்டிவிட்டு அன்றே பேட்டரியைக் கழற்றி மின்னேற்ற எடுத்துச் சென்றேன்.

உற்சாகம் இரண்டாம் முறை வந்தது இப்படித்தான். ஆனால் அது நல்ல உற்சாகம் அன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். இம்முறை நான் வண்டியைச் சிங்காரித்தேன். முகப்புக்குப் பழைய பச்சை வர்ணம் அடித்தேன். அந்த வருஷத்து வண்டிக்கு இரு விளக்குகளும் மூக்கை ஒட்டி உள்ளடங்கி இருக்கும். அவற்றின் வளையங்களை முகம் பார்க்கும்படி துலக்கினேன். ஆயுத பூசையன்று நம்மவர்கள் வண்டிக்குச் சந்தனம் பூசி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்குவதை நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். பழம் நசுங்கினால் பிரேக் எண்ணெய் நிறைந்துவிடுமா என்று கேட்டு, பெரியவர்களின் மனத்தைப் புண்படுத்தியதும் உண்டு. அப்படிக் கேட்ட பகுத்தறிவாளனாகிய நான் செய்தது என்ன? அவர்கள் சந்தனம் பூசினார்கள். நான் வர்ணம் பூசினேன். பிரேக் எண்ணெயை இருவருமே பார்க்கவில்லை.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மழை விட்ட ஒரு பிற்பகல். மேல்மலையில் கொழுந்தெடுத்த பெண்களில் மூவர் லாரியைத் தவறவிட்டு நின்றார்கள். எங்கள் தோட்டத்தில் இன்று மலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம்மவர் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் பழைய ஆட்களில் மூவர் இவர்கள். மூத்தவருக்கு அறுபதுக்கு மேல் வயது. என் தாய்க்குப் பிரசவ நோவு கண்ட இரவில் பின்தட்டில் அவளைப் பிடித்துக்கொண்டு வந்த இரு பெண்களுள் ஒருவர். "ஏறுங்கள் அம்மா" என்றேன், பெருமையோடு.

மூன்றாவது வளைவுக்கு முன்னிருந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கால் தடையின்றி அடித்தட்டுவரை போயிற்று. மறுபடி மிதித்தேன், அப்படியே. அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே குழாய்த் தொடரைச் சேர்ந்தவை. ஓரிடத்தில் எண்ணெய் வழிவிட்டால் நான்கும் போயின. கைப்பிரேக்கோ சக்கரத்தைப் பிடிப்பதன்று. பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டைப் பிடிப்பது. ஓட்டத்தில் சடக்கென்று இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டியைச் சேற்றில் சுழற்றிவிடும். இடப்புறம் மலைச்சுவர், வலப்புறம் நாற்பதடிப் பள்ளம். நான் மூன்றாம் கியரில் வந்துகொண்டிருந்தேன். சிவப்புக் கைப்பிடியைப் பின்னுக்குத் தள்ளி, மெதுகியர்த் தொகுதியில் மாற்றிக்கொண்டு இறங்க வேண்டிய இடம் அது. அப்பா உச்சியிலேயே வண்டியை நிறுத்தி அப்படித்தான் மாற்றுவார். நான் நிறுத்தவில்லை. கிளட்சை மிதித்து, எஞ்சினை உறுமவிட்டு, மறுபடி மிதித்து இரண்டாம் கியரைத் திணித்தேன். பற்கள் கடித்த ஓசை பள்ளத்தில் எதிரொலித்தது. கியர் விழுந்தது. வேகம் குறைந்தது, போதவில்லை. இடப்பக்கம் திருப்பித் தேயிலைச் செடிகளுக்குள் ஏற்றினேன். எத்தனை செடி முறிந்தன என்பதைப் பிறகு நானே கணக்கில் எழுதினேன்: பதினேழு.

இருவருக்கு ஒன்றுமில்லை. மூத்த அம்மாளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பிரேக்கின் தலைமைச் சிலிண்டரைப் பட்டறைக்காரர் கழற்றினார். உள்ளே இருக்கும் சிறு ரப்பர்க் கிண்ணம் கட்டிப்பட்டு வெடித்திருந்தது. சிலிண்டரின் சுவர் அரித்திருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. எங்கள் மலையிலோ காற்று என்பதே பாதி தண்ணீர். ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை முழுதும் மாற்ற வேண்டும் என்று என் ஆங்கிலப் புத்தகத்தில் தெளிவாய் அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பென்சிலால் கோடிட்டும் இருந்தேன். அந்த ரப்பர்க் கிண்ணத்தின் விலை பன்னிரண்டு வெள்ளி. விளக்கு வளையம் துலக்கும் பசைக்கு நான் கொடுத்தது முப்பத்தைந்து.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாளைக் கண்டேன். ஆறு வாரம் கையெடுக்க முடியாது. கொழுந்தெடுக்காவிட்டால் அவருக்குக் கூலி குறையும். அந்தக் கூலியை நான் தருவதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழைக்கு அந்தப் பகட்டு ஏது? "கொடுங்க தம்பி" என்றார். பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல் ஏதோ பழங்கதை நினைவுக்கு வந்ததுபோல், "உங்கப்பா காலையிலே சாவி போடுறதுக்கு முன்னாலே பிரேக்கைத்தான் மூணு தரம் மிதிச்சுப் பார்ப்பாரு. அப்புறந்தான் எங்களை ஏறச் சொல்லுவாரு" என்றார்.

நான் அதைக் கண்டதேயில்லை. இருபது ஆண்டுகள் அவர் மகனாக அந்த வண்டியில் ஏறியிறங்கியிருக்கிறேன். அவர் ஓசையின்றிக் கியர் போடுவதைக் கண்டு வியந்திருக்கிறேன். தேய்ந்த பள்ளத்தில் விரலை வைத்துக் கண் கலங்கியிருக்கிறேன். அவர் கால் என்ன செய்தது என்பதைப் பார்த்தவர் பின்தட்டில் அமர்ந்து வந்த ஒரு கொழுந்துக்காரி. அவருக்கு அது பார்க்க வேண்டிய விஷயமாக இருந்தது. உயிர் அதில் இருந்தது.

அந்த வாரமே வண்டியை விற்றுவிடும்படி மனைவி சொன்னாள். அதற்கேற்ப ஒரு சந்தர்ப்பமும் வந்தது. கோலாலம்பூரிலிருந்து மலைக்கு வந்த ஒருவர் கொட்டகையில் வண்டியைக் கண்டு 25,000 வெள்ளி தருகிறேன் என்றார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவராம். குளிர்ந்த கூடத்தில் நிறுத்தி, மாதம் ஒருமுறை துடைத்து வைப்பாராம். மழையில் நனையவே விடமாட்டாராம். நல்ல மனிதர். வண்டியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர். எந்த ஆண்டில் எந்தத் திருகு மாறியது என்பதுவரை சொன்னார். 25,000 வெள்ளி என் குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று. மூன்று நாள் தவணை கேட்டேன்.

அந்த மூன்று நாளும், கிராணிக்கு வேறென்ன தெரியும், கணக்கெழுதினேன். வாங்கிய விலை, ஒட்டுப்போட்ட செலவு, உதிரி உறுப்புகள், வர்ணம், அந்த அம்மாளின் கூலி, பதினேழு செடி, எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கத்தில் எழுத ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வெறுமையாய் விட்டுக் கணக்கை முடிக்கவும் கை வரவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். "விற்றால் அவர் அதைத் துடைத்து வைப்பார். வைத்திருந்தால் நீங்கள் பிரேக்கைப் பார்ப்பீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள். பத்து ஆண்டு வாதத்தில் அவள் கேட்ட சரியான கேள்வி அது ஒன்றே என்று தோன்றிற்று. பார்ப்பேன் என்றேன். கோலாலம்பூர்க்காரருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன்.

தலைமைச் சிலிண்டர், நான்கு சக்கரங்களின் சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள், ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினோம். அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. நடுவே கொரோனா வந்து ஊரே அடைந்து கிடந்தது. வேலை முடிந்த பின்பும் ஓராண்டுக்கு வண்டியில் வேறு யாரையும் ஏற்றவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். எண்ணெய் மாற்றிய தேதி, தட்டிப் பார்த்த இடம், கசிவு, தேய்வு எல்லாம் தமிழில் எழுதுகிறேன். எழுதிய நாள்களில் வண்டியின்மேல் எனக்குப் பெருத்த உணர்ச்சி ஒன்றும் பொங்குவதில்லை. சில நாள் அலுப்பாகவே இருக்கிறது. ஆயினும் மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போகிறேன். விளக்கு வளையங்கள் மங்கிவிட்டன. பசை தீர்ந்த பின் வாங்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், மேல்மலைப் பாதையில் அந்த அம்மாள் கூடையோடு நின்றிருந்தார். மணிக்கட்டு சற்றே வளைந்து பொருந்தியிருக்கிறது. குளிரில் வலிக்கும் என்பார். நான் வண்டியை நிறுத்தினேன். ஏறச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் ஒரு கணம் வண்டியையும் என்னையும் பார்த்தார். கூடையைப் பின்தட்டில் வைத்துவிட்டு, பின்னால் ஏறாமல், சுற்றி வந்து முன்கதவைத் தாமே திறந்து, என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கிராணி தம்பி, மிதிச்சுப் பார்த்தீங்களா?"

"காலையிலே பார்த்தேன் அம்மா."

"இப்ப ஒரு தரம் மிதிங்க. நான் பார்க்கிறேன்."

மூன்று தரம் மிதித்தேன். அவர் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "சரி, போங்க" என்றார்.